பாயைச் சுருக்கத் தெரிந்த படகு

இங்கிலாந்தின் கழிமுகங்களிலும் உள்நாட்டு ஏரிகளிலும் கோடை விடுமுறை நாட்களில் மிதக்கும் சிறு பாய்ப்படகுகளுள் பல பந்தயப் படகுகளின் வழிவந்தவை. ஆகவே அவற்றின் கயிறுகளும் கப்பிகளும் கவ்விகளும் ஒவ்வொரு திருப்பத்திலும் சில நொடிகளை மிச்சப்படுத்தும் நோக்கில் அமைந்திருக்கின்றனவே ஒழிய, இரண்டு குழந்தைகளையும் ஒரு பாட்டியையும் சோற்றுக் கூடையையும் ஏற்றிக்கொண்டு நிம்மதியாகச் சென்று திரும்பும் நோக்கில் அமைந்திருக்கவில்லை. அத்தகைய படகைக் குடும்பத்துக்கு ஏற்றதாக ஆக்க முனைவோர் பெரும்பாலும் மெத்தை, பை, குடை ஆகியவற்றிலிருந்தே தொடங்குகின்றனர். தொடங்க வேண்டிய இடம் வேறு. காற்று கூடும்போது பாயின் பரப்பைக் குறைப்பதும், நினைத்த இடத்தில் படகை ஓட்டமின்றி நிறுத்துவதும், தேவை வந்தால் எல்லாப் பாய்களையும் இறக்கிவிடுவதும் ஒரே ஒரு பெரியவரால் ஓரிரு நிமிடங்களில் செய்யக்கூடியனவாக இருந்தால் அது குடும்பப் படகு; இல்லையேல் எத்தனை மெத்தை விரித்தாலும் அது பந்தயப் படகுதான்.

இதை விளக்குவதற்கு ‘வேஃபேரர்’ என்னும் படகு நல்ல சான்றாகும். வழிப்போக்கர் என்று பொருள்படும் பெயருடைய இப்படகை ஆங்கிலேய வடிவமைப்பாளர் இயன் பிராக்டர் 1957-இல் வரைந்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நீரைத் தாங்கும் பசையும் ஒட்டுப்பலகையும் எளிதில் கிடைக்கத் தொடங்கியபோது, அதுவரை வசதி படைத்தோரின் பொழுதுபோக்காக இருந்த பாய்ப்படகோட்டம் பிரிட்டனின் நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டியது. அந்த அலையில் பிறந்த படகுகளுள் ஒன்றான வேஃபேரர் முதலில் ஒட்டுப்பலகையாலும் பின்னர் கண்ணாடியிழையாலும் கட்டப்பட்டு, இன்றுவரை 10,000-க்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் நீரில் இறங்கியுள்ளது. நீளம் 4.82 மீட்டர், அகலம் 1.85 மீட்டர், கருவிகள் ஏற்றாத வெற்றுடலின் எடை 169 கிலோ. மேல்தளமில்லாத திறந்த படகாயினும் நான்கு பேர் தாராளமாகவும் ஆறு பேர் நெருங்கியும் அமரலாம். பந்தயங்களிலும் ஓடுகிறது, பயிற்சிப் பள்ளிகளிலும் ஓடுகிறது, குடும்பங்களையும் சுமக்கிறது. ஆகவே ஒரே உடலை மூன்று வேலைகளுக்கும் எப்படி வேறு வேறாகப் பூட்டலாம் என்பதை இதைக்கொண்டு காண இயலும்.

மேலே செல்லுமுன் சில உறுப்புகளை அறிந்துகொள்வது நலம். படகின் முன்தலையைத் தமிழ்க் கடற்கரையோர் அணியம் என்பர். படகின் முன்பகுதியில் நிற்கும் பாய்மரத்தை அணியத்திலிருந்து ஒன்றும் இரு பக்கங்களிலிருந்து இரண்டுமாக மூன்று கம்பிகள் இழுத்துப் பிடிக்கின்றன. பாய்மரத்துக்குப் பின்னால் விரியும் முக்கோணப் பெரும்பாயின் பரப்பு சுமார் 8.8 சதுர மீட்டர். முன்னால் விரியும் முன்பாய் அதைவிட மிகச் சிறியது. பெரும்பாயின் அடிவிளிம்பைத் தாங்கிக்கொண்டு, பாய்மரத்தில் ஒரு முனை பொருந்தி, கதவைப் போல இரு பக்கமும் ஆடும் கிடைக்கம்பிற்குப் பூம் என்று பெயர். பாயை இழுத்துப் பிடிக்கவும் தளர்த்தவும் உதவும் கயிற்றுக்கு நம் மீனவர் வழக்கில் தாமான் என்ற அழகிய சொல் இருக்கிறது. அதையே இங்கும் பயன்படுத்தலாம். படகின் வயிற்றிலுள்ள பிளவு வழியே நீருக்குள் இறங்கி, காற்று தள்ளும் பக்கமாகவே படகு வழுக்கிச் செல்லாமல் தடுக்கும் பலகை நடுப்பலகை. அதுவும் சுக்கானின் அலகும் கீல்மேல் சுழன்று மேலெழக் கூடியவை ஆதலால் தரை தட்டினாலும் உடைவதில்லை, மணற்கரையில் படகை ஏற்றுவதும் எளிதாகிறது.

காற்றின் வேகம் இரு மடங்கானால் பாயின்மீது அது செலுத்தும் விசை நான்கு மடங்காகிறது என்பதே பாய்ப்படகின் அடிப்படைக் கணக்கு. மணிக்கு 12 முதல் 19 கிலோமீட்டர் வரை வீசும் காற்று, பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபோர்ட்டின் பெயரால் வழங்கும் அளவுகோலில் மூன்றாம் நிலையாகும். அதில் வேஃபேரர் முழுப்பாயுடன் இன்பமாக ஓடும். 20 முதல் 28 கிலோமீட்டர் வரையிலான நான்காம் நிலையில், அலைகளின் முகட்டில் வெண்ணுரை அடிக்கடி தோன்றத் தொடங்கும்போது, அதே பாய் படகைச் சாய்க்கப் பார்க்கும். பந்தயக்காரர்கள் இருவரும் படகின் விளிம்புக்கு வெளியே உடலைத் தொங்கவிட்டு அச்சாய்வை எதிர்க்கின்றனர். பாட்டியிடம் அதை எதிர்பார்க்க முடியாது. எஞ்சியிருக்கும் வழி பாயைச் சிறிதாக்குவதுதான். மேலும், தென் இங்கிலாந்தின் கரையோரத்தில் வெயில் நாளில் தரை சூடேறிக் காற்று மேலெழ, அவ்விடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று உள்ளே பாய்வதால், காலையில் கண்ணாடியாகக் கிடந்த நீர் பிற்பகலில் நான்காம் நிலைக்கு எழுவது வழக்கம். சென்னைவாசிகள் மே மாத நண்பகலில் வானத்தைப் பார்த்துக் காத்திருக்கும் கடற்காற்றும் இதே இயக்கத்தால் பிறப்பதே. ஆகவே காலையில் புறப்படும் குடும்பம் பிற்பகலில் பாயைச் சுருக்க நேரும் என்று முன்கூட்டியே எண்ணிக்கொள்வதே முறை.

பாயைச் சுருக்கும் முறைகளுள் பழையது, பூமையே உருளையாக்கிப் பாயை அதன்மேல் சுற்றிக்கொள்வது. கேட்பதற்கு எளிமையானது, நடைமுறையில் இதைப்போல் ஏமாற்றுவது வேறில்லை. சுற்றச் சுற்ற பாயின் பின்விளிம்பு தளர்ந்து பூமின் பின்முனை கீழே தொங்குவதால், காற்று கூடி எல்லோரும் தலை தாழ்த்தி உட்கார வேண்டிய அதே நேரத்தில் கம்பு தலையளவுக்கு இறங்கிவிடுகிறது. பழைய படகு வாங்கும் குடும்பம் முதற்செலவாகச் செய்ய வேண்டியது இந்த ஏற்பாட்டைக் கழற்றிவிட்டு, மடித்துக் கட்டும் முறைக்கு மாறுவதாகும்.

மடித்துக் கட்டும் முறையில், பெரும்பாயின் அடிவிளிம்புக்கு மேலே ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வரிசைகளில் வலுவான வளையங்களைப் பாய் தைப்பவரிடம் தைத்து வாங்க வேண்டும். முதல் வரிசையை இறக்கிக் கட்டினால் தைப்பின் உயரத்தைப் பொறுத்துப் பாயில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறையும். காற்றின் விசை விழும் மையமும் தாழ்வதால் சாய்வு அதற்கும் மேலாகவே குறையும். பாய்மரத்தை ஒட்டிய முன்வளையத்தை மாட்டுவதற்குப் பூமின் முன்முனையில் ஒரு கொக்கி. பின்வளையத்தைக் கீழும் பின்னும் ஒருசேர இழுப்பதற்குப் பூமின் பக்கவாட்டில் ஓடி முன்னே வந்து சேரும் ஒரு கயிறு. பாயை ஏற்றும் கயிற்றில் எந்த அளவு இறக்கினால் வளையம் கொக்கிக்கு வரும் என்பதைக் காட்ட வண்ண நூலால் சுற்றிய ஓர் அடையாளம். தேவையான பொருள்கள் இவ்வளவே. இவற்றோடு பாய்மர உச்சியிலிருந்து பூமின் பின்முனைக்கு ஒரு மெல்லிய தாங்குகயிறு கட்டப்பட்டிருந்தால், பாய் தளரும்போது பூம் படகுக்குள் விழாமல் அந்தரத்திலேயே நிற்கும். பந்தயப் படகில் இத்தாங்குகயிற்றைக் காண முடியாது. காற்றில் உராயும் வீண் கயிறு என்று பந்தயக்காரர் கருதும் இதே கயிறு, குழந்தைகள் அமரும் படகில் தவிர்க்கவே கூடாதது.

செய்முறையும் நீண்டதன்று. படகை நிறுத்தி, தாங்குகயிற்றை இறுக்கி, பூமைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடிக்கும் கயிற்றைத் தளர்த்தி, பாயேற்றும் கயிற்றை வண்ண அடையாளம் வரும்வரை விட்டு, முன்வளையத்தைக் கொக்கியில் மாட்டி, பாயை மீண்டும் விறைப்பாக ஏற்றி, பின்வளையக் கயிற்றை இழுத்துக் கட்டினால் வேலை முடிந்தது. நடுவில் தொங்கும் துணியைச் சுருட்டிச் சிறு நாடாக்களால் கட்டுவது அழகுக்காகவே ஆகும். அந்நாடாக்களை இறுக்கிக் கட்டி அவற்றின்மீது சுமை விழச் செய்தால் பாய் கிழியும். கரையில் வண்டிமேல் படகு நிற்கும்போதே பத்து முறை செய்து பழகியவருக்கு நீரில் இரண்டு நிமிடம் போதும். கரையில் ஒரு முறையும் செய்து பாராதவருக்கு நீரில் அரை மணி நேரமும் போதாது. ஐயமான நாளில் கரையிலேயே பாயைச் சுருக்கிக்கொண்டு புறப்படுவதும், காற்று இறங்கினால் நீரில் அவிழ்த்து விரிப்பதும் குடும்பப் படகோட்டிக்கு மேலும் உகந்த வழக்கமாகும்.

முன்பாய்க்கு வேறு ஏற்பாடு. அணியத்தில் பொருத்திய சிறு உருளையோடு பாயின் முன்விளிம்பைப் பிணைத்து, அவ்வுருளையில் சுற்றிய கயிற்றைப் படகோட்டியின் கைக்கெட்டும் இடம்வரை கொண்டுவந்துவிட்டால், அதை இழுத்ததும் முன்பாய் படுக்கைப் பாயைச் சுருட்டி வைப்பதுபோலத் தானே சுருண்டுகொள்ளும். படகின் மூக்கருகே யாரும் தவழ்ந்து செல்ல வேண்டியதில்லை. கரையணையும் நேரத்தில் முகத்தில் அடித்துக்கொண்டு பார்வையை மறைக்கும் துணியும் இருக்காது. ஆயினும் சிறு படகுகளின் எளிய உருளைகள் பாயை முழுதும் விரிக்கவோ முழுதும் சுருட்டவோ உதவுவனவே ஆகும். பாதி சுருட்டிய நிலையில் வடிவம் கெட்டு முறுக்கிக்கொள்ளும் அப்பாயை வைத்து எதிர்க்காற்றில் ஏற முயல்வது வீண். முன்பாயில் பெரிய அளவொன்றும் சிறிய அளவொன்றும் உண்டு. குடும்பத்துக்குச் சிறியதே போதும்.

பூம் இங்கே தனிக் கவனத்துக்குரியது, ஏனெனில் சிறு படகில் குழந்தைக்கு நேரும் காயத்துக்குக் காற்றைவிடவும் நீரைவிடவும் அதுவே அடிக்கடி காரணமாகக் கூடியது. படகு எதிர்க்காற்றின் ஊடாகத் தலையைத் திருப்பும்போது பாய் படபடத்துச் சக்தியிழந்து மெதுவாகப் பக்கம் மாறுகிறது. காற்று பின்புறத்திலிருந்து வீசும்போது படகு திரும்பினாலோ, முழுக்காற்றையும் ஏந்தியபடியே பாய் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வீசியடிக்கப்படுகிறது. இவ்விரண்டாம் வகைத் திருப்பத்தைக் குழந்தைகள் இருக்கும்போது முற்றிலும் தவிர்க்கலாம்: படகை எதிர்த்திசையில் ஏறக்குறைய முழுவட்டமாகச் சுற்றி, எதிர்க்காற்றின் ஊடாகவே திரும்பி, வேண்டிய திசையை அடையலாம். இதைப் பந்தயக்காரர்கள் கோழைத்தனம் என்று கேலி செய்வதுண்டு. அக்கேலியைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. அதோடு, பூம் சற்று மேலே நிற்கும்படி பாயின் அடிவிளிம்பை உயர்த்தித் தைத்து வாங்குவதால் இழக்கும் வேகம் அற்பமானது. அமர்ந்திருப்பவர் நிமிர்ந்து உட்காரலாம் என்பதும், படகோட்டிக்கு மறுபக்கம் வரும் படகுகள் தெரியும் என்பதும் பெரிய ஆதாயங்கள்.

பெரும்பாயின் தாமான் எங்கே வந்து சேர வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பந்தயப் படகுகளில் அது பூமின் நடுவிலிருந்து படகின் நடுத்தரையிலுள்ள கப்பிக்கு இறங்குகிறது. படகோட்டி முன்னோக்கியபடியே இழுக்கலாம் என்பது அதன் நயம், ஆனால் படகின் மையத்தை அக்கயிறு இரண்டாக வெட்டிவிடுவதால் குழந்தைகளின் கால்களும் உணவுக் கூடையும் அதில் சிக்கிக்கொண்டே இருக்கும். பூமின் பின்முனையிலிருந்து படகின் பின்விளிம்புக்கு இறங்கும் பழைய முறை நடுவிடத்தை முழுதும் விட்டுவைக்கிறது. குடும்பத்துக்கு அதுவே மேல். எந்த முறையாயினும் கயிற்றைப் பற்களால் கடித்துப் பிடிக்கும் கவ்வியில் பெரும்பாயின் தாமானை மாட்டிவிட்டுக் கையை எடுத்துவிடக் கூடாது. திடீர்க்காற்று அடிக்கும்போது கயிறு கையிலிருந்தால் விட்டவுடன் பாய் காற்றை உதறிவிடும். கவ்வியில் இருந்தால், சாய்ந்த படகில் அதை விடுவிக்கத் தேடும் நேரத்துக்குள் படகு கவிழ்ந்திருக்கும். கையை வெட்டாத தடித்த மென்கயிறாக, 10 மில்லிமீட்டர் அளவில், தாமான் அமைவதும் பாய்க்கு ஒரு நிறமென்று கயிறுகள் பல நிறங்களில் அமைவதும் சிறு செலவில் பெரும் தொல்லையைக் குறைக்கும். “அந்த நீலக் கயிற்றை விடு” என்றால் எட்டு வயதுக் குழந்தைக்கும் புரியும்.

பாய்களை இறக்காமலேயே படகை நிறுத்தும் ஒரு முறை உண்டு. அதைக் கற்காமல் குடும்பத்தை ஏற்றக் கூடாது என்றே கூறலாம். எதிர்க்காற்றின் ஊடாகத் திரும்பும்போது முன்பாயின் தாமானை மட்டும் அவிழ்க்காமல் விட்டால், அப்பாய் காற்று வரும் பக்கத்திலேயே சிக்கிப் பின்புறமாக உப்பி நிற்கும். பெரும்பாயைத் தளர்த்திவிட்டு, சுக்கான் பிடியைக் காற்று போகும் பக்கமாகத் தள்ளிக் கட்டிவிட்டால், முன்பாய் படகின் தலையை ஒரு பக்கம் தள்ள, சுக்கான் மறுபக்கம் தள்ள, இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்து படகு ஏறத்தாழ நின்றுவிடுகிறது. காற்று போகும் திசையில் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும் அப்படகில் பாயைச் சுருக்கலாம், குழந்தைக்குச் சட்டை மாற்றலாம், சாப்பிடலாம். காற்று வலப்பக்கத்திலிருந்து வரும்படி நிறுத்திக்கொள்வது நன்று, ஏனெனில் பன்னாட்டுக் கடல்விதிகளின்படி எதிரெதிர்ப் பக்கங்களில் காற்றை ஏற்று நெருங்கும் இரு பாய்ப்படகுகளுள் இடப்பக்கத்துக் காற்றில் வருவதே விலகிக்கொள்ள வேண்டும். நகரும் திசையில் சற்று தொலைவுக்கு வெற்றுநீர் இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்வது இன்றியமையாதது.

கரையில் செய்ய வேண்டியவற்றுள் பாய்மரம் நிறுத்துவதே மிகுந்த எச்சரிக்கைக்குரியது. ஆறு மீட்டருக்கும் மேல் உயர்ந்த அலுமினியக் கம்பத்தை நிமிர்த்துமுன் தலைக்குமேல் மின்கம்பி செல்கிறதா என்று பார்ப்பதும், படகை வண்டியில் உருட்டிச் செல்லும் வழி முழுவதையும் அவ்வாறே பார்ப்பதும் மறக்கக் கூடாத கடமைகள். பாய்மரத்தின் அடியைக் கீல் பொருத்திய கூட்டுக்குள் நிறுத்தும் ஏற்பாடு இருந்தால் ஒருவரே அதை ஏற்றி இறக்கலாம். நார்ஃபோக் பகுதியின் நீர்வழிகளில் தாழ்ந்த பாலங்களைக் கடக்கப் படகோட்டிகள் இதையே நம்பியிருக்கின்றனர். தாங்குகம்பிகளைப் பிடிக்கும் ஆணிகள் கழன்றுவிடாமல் காக்கும் சிறு வளையங்களை ஒட்டுநாடாவால் சுற்றிவைக்க வேண்டும். ஒரு காசளவும் பெறாத அந்த வளையம் கயிற்றில் சிக்கிக் கழன்றால் பாய்மரம் முழுதும் சாயும்.

நீரேற்ற இறக்கம் தமிழ்நாட்டு வாசகருக்கு அதிகம் பழகாத பொருள். சென்னைக் கரையில் அதன் உச்ச வீச்சே சுமார் ஒரு மீட்டர்தான். வேஃபேரர்கள் மிகுந்து காணப்படும் தென் இங்கிலாந்தின் சிச்செஸ்டர் துறைமுகத்திலோ, பௌர்ணமி அமாவாசைகளை ஒட்டிய நாட்களில் அது நான்கு மீட்டரைத் தாண்டும். ஏற்றத்திலிருந்து இறக்கத்துக்கு ஆகும் ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் நீர் சீராக வடிவதில்லை: முதல் மணியில் மொத்தத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கும், இரண்டாம் மணியில் இரு பங்கும், மூன்றாம் நான்காம் மணிகளில் மும்மூன்று பங்கும், பின் இரு பங்கும் ஒரு பங்குமாக வடியும் என்பது மாலுமிகளின் வாய்ப்பாடு. நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்தில் பாதி நீர் வடிந்துவிடும் என்பதை மறந்து கால்வாயின் ஓரத்தில் தரைதட்டிய குடும்பம், சுற்றிலும் சேறாகிவிட்ட வெளியில் மாலைவரை அமர்ந்திருக்க நேரும். இத்துறைமுகத்தின் வாயருகே கிழக்குமுனை எனப் பொருள்படும் ஈஸ்ட் ஹெட் என்ற மணல்திட்டு குடும்பங்கள் விரும்பிச் செல்லும் இடம். உட்புறத்துத் துறையான இச்சனாரிலிருந்து இறங்குநீரின் கடைப்பகுதியோடு அங்கே போய், நீர் நிற்கும் வேளையில் சாப்பிட்டு, ஏறுநீரோடு திரும்பினால், களைத்த குழந்தைகளுடன் வரும் வழியில் நீரோட்டமே படகைத் தள்ளிக்கொண்டு வரும். மாறாகச் செல்வோர் திரும்பும்போது காற்றும் குறைந்துவிட்டால் அவதிப்படுவர். அதே துறைமுக வாயில், தெற்கிலிருந்து பலத்த காற்று வீச உள்ளிருந்து நீர் வெளியே பாயும் நேரத்தில், செங்குத்தான அலைகள் எழும் ஆபத்தான இடமாகிவிடும். அப்போது குடும்பப் படகுக்கு அங்கே வேலையில்லை.

காற்று அடியோடு நின்றுவிட்டால் துடுப்பே துணை. இரண்டு அல்லது மூன்று குதிரைத்திறன் கொண்ட சிறு வெளிப்புற எஞ்சினைப் பலர் பொருத்துகின்றனர். ஆயினும் ஏறத்தாழ இரண்டரை மீட்டர் நீளமுள்ள துடுப்பு இணை, எஞ்சின் இருக்கும் படகிலும் இருக்கவே வேண்டும், ஏனெனில் துடுப்பு தீப்பொறிக்குக் காத்திருப்பதில்லை. நங்கூரம் நான்கு கிலோ அளவில் போதும். அதனோடு ஓரிரு மீட்டர் சங்கிலியும் முப்பது மீட்டர் கயிறும் வேண்டும், ஏனெனில் நீராழத்தைப்போல் ஐந்து மடங்கு கயிறு விட்டால்தான் நங்கூரம் படுத்துத் தரையைக் கவ்வும்.

சிறு பாய்ப்படகு கவிழக் கூடியது என்பதை மறைத்துக் குடும்பத்தை ஏற்றுவது நேர்மையன்று. கட்டுமரத்தின்மேல் அலை ஏறினால் மரங்களின் இடுக்கு வழியே வடிந்துவிடுகிறது. உட்குழிந்த படகோ நீரைத் தொட்டியாகத் தேக்கிக்கொள்கிறது. வேஃபேரரின் முன்னும் பின்னும் நீர் புகாத காற்றறைகள் இருப்பதால் அது மூழ்குவதில்லை. ஆனால் அவ்வறைகளின் மூடிகள் இறுக மூடியிருந்தால் மட்டுமே இது உண்மை. கவிழ்ந்த படகு மேலும் சுழன்று பாய்மரம் தலைகீழாக இறங்கிவிட்டால் நிமிர்த்துவது கடினம் என்பதால், குடும்பப் படகின் பாய்மர உச்சியில் காற்றடைத்த சிறு மிதவையொன்றைக் கட்டுவது வழக்கம். பயிற்சிப் பள்ளிகளும் இதைச் செய்கின்றன. பக்கவாட்டில் கிடக்கும் படகின் நடுப்பலகைமேல் ஒருவர் ஏறி நின்று, விளிம்பிலிருந்து வரும் கயிற்றைப் பிடித்துப் பின்னே சாய்ந்தால் படகு நிமிரும். நிமிர்ந்த படகுக்குள், குறிப்பாகப் பழைய மாதிரிகளில், நிறைய நீர் இருக்கும். ஓடும்போது மட்டும் நீரை உறிஞ்சி வெளியேற்றும் அடித்துளைகள் அப்போது பயன்படா. கயிற்றால் கட்டிய பெரிய வாளியைப்போல் வேகமாக நீரிறைப்பது வேறில்லை. இவற்றையெல்லாம் வெப்பமான ஒருநாளில், கரைக்கருகே, மேற்பார்வைப் படகு ஒன்று அருகிலிருக்க, பெரியவர்கள் வேண்டுமென்றே கவிழ்த்துப் பார்த்துப் பழக வேண்டும்.

மிதவைச் சட்டைகளில் முக்கியமாக இரு வகைகளை அறிய வேண்டும். 50 நியூட்டன் மிதப்புவிசை கொண்டது, அதாவது நீரில் ஏறத்தாழ ஐந்து கிலோ எடையைத் தூக்கிப் பிடிப்பது, நீந்தத் தெரிந்து உதவிக்கு அருகில் இருப்பவர்க்கு உரியது. 150 நியூட்டன் வகை, நினைவிழந்தவரையும் முகம் மேலிருக்கத் திருப்பிவிடும் நோக்கில் ஆனது. குழந்தைக்கு எதை அணிவித்தாலும் தொடைகளுக்கு இடையே செல்லும் பட்டையை மாட்டாவிட்டால் சட்டை மேலேறிக் குழந்தை கீழே நழுவும். இங்கிலாந்தின் கடல் கோடையின் உச்சத்திலும் 18 பாகை செல்சியஸ் அளவிலேயே இருப்பதால், நீரில் விழுந்தவருக்கு முதல் ஓரிரு நிமிடங்களில் மூச்சுத் திணறல் ஏற்படும். அந்நேரத்தில் நீந்த முயலாமல் சட்டையின் பலத்தில் மிதந்து மூச்சைச் சீராக்கிக்கொள்வதே உயிர்காக்கும் செயல். வெயிலடிக்கும் நாளிலும் கம்பளியும் மழைச்சட்டையும் எடுத்துச் செல்வது இதனாலேயே.

இவ்வளவு ஏற்பாட்டுக்கும் பின் குழந்தைகள் சலித்துவிட்டால் பயணம் தோற்றதாகவே பொருள். முதற்பயணம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. இறங்குவதற்கு ஒரு மணற்கரை இருக்க வேண்டும். முன்பாயைச் சுருட்டும் கயிறு, நடுப்பலகையை ஏற்றி இறக்கும் வேலை, பாய்மர உச்சிக் கொடியைப் பார்த்துக் காற்றின் திசையைச் சொல்லும் பொறுப்பு ஆகியவற்றைக் குழந்தைகளிடம் ஒப்படைக்கலாம். காற்றின் திசைக்கு வாடை, கொண்டல், சோழகம், கச்சான் எனத் தனித்தனிப் பெயர் வைத்த கடற்கரையோரின் வழியில், புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் அச்சொற்களையே அப்படகில் சொல்லிப் பழகினாலும் தவறில்லை. இங்கிலாந்தில் மிகுதியாக வீசும் தென்மேற்குக் காற்று சோழகத்துக்கும் கச்சானுக்கும் இடைப்பட்டது.

வேஃபேரரின் வரலாற்றில் இத்தகைய குடும்பப் பயணத்துக்கு நேர்மாறான ஒரு பயன்பாடும் உண்டு. ஃபிராங்க் டை என்ற ஆங்கிலேயர் ‘வாண்டரர்’ எனப் பெயரிட்ட தம் வேஃபேரரில், ஒரு துணைவருடன், 1963-இல் ஸ்காட்லாந்திலிருந்து ஐஸ்லாந்துக்கும் 1964-இல் நார்வேக்கும் திறந்த கடலைக் கடந்து சென்றார். நார்வே வழியில் புயலில் பலமுறை கவிழ்ந்து பாய்மரம் முறிந்தும் கரை சேர்ந்தனர். எவரும் பின்பற்றத்தக்க செயல் அன்று அது. ஆனால் அவரது படகு தப்பியதற்கு உதவியவற்றுள் கீல்மேல் சாய்த்து இறக்கக்கூடிய பாய்மரமும், சுருக்கிக் கட்டத்தக்க பாயும், அணியத்திலிருந்து நீரில் விட்டுப் படகின் தலையை அலைக்கு எதிராக நிறுத்திய கடல்நங்கூரமும் இருந்தன என்பது கவனிக்கத்தக்கது; வேகத்துக்கான கருவி அப்பட்டியலில் ஒன்றுமில்லை. அப்படகு இன்று ஃபால்மத் நகரிலுள்ள கார்ன்வால் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தின் தொகுப்பில் உள்ளது.

பயணம் முடிந்து கரையேறிய படகை நன்னீரால் கழுவி, பாயை நிழலில் உலர்த்தி மடிக்க வேண்டும். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை படரும். காற்றறைகளின் மூடிகளைக் கழற்றிவைத்து உள்ளே காற்றாட விடுவதும் அவசியம், ஏனெனில் மூடிய அறையில் தங்கும் ஈரம் ஒட்டுப்பலகைப் படகை உள்ளிருந்தே அரிக்கும். கழற்றிய மூடிகளைப் படகிலேயே, கண்ணில் படும் இடத்தில் கட்டிவைக்க வேண்டும். அடுத்த முறை படகு நீரில் இறங்குமுன் அவற்றை மூடினோமா என்று ஒருவர் கேட்டு மற்றொருவர் கையால் தொட்டுப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும்.